நீ சொன்ன பதிலும் நான் போட்ட டிக்கும்

என் அன்புத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஐதராபாத்தில் ஒருவரும் நம்பமாட்டார், செகந்திராபாத்தில் ஒருவரும் நம்பமாட்டார், இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கும் ஏரியின் மீன்கள்கூட நம்பாது என்று, வலது கையை உயர்த்தி, இடது கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முழு மரியாதையோடு உறுதி கூறுகிறேன்.

காரணம் உனக்கே தெரியும். நம் பகுதித் தமிழர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சைக்ளோஸ்டைல் போட்டு வீடு வீடாகக் கொடுக்கும் மலரில் இது வரப்போகிறது. "கோமதிநாயகம் மாமா அளக்க ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் பிரிப்பார்கள். போன மலரில், உப்பலில் ஓர் எருமை பஸ் ஏறி, முறையாக டிக்கெட் வாங்கி, எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதினேன். அதற்கு முந்தைய மலரில், என் தும்மலுக்குப் பயந்து நூலகக் கூரையின் புறாக்களெல்லாம் நாக்பூருக்குக் குடிபோனதாக எழுதினேன். இரண்டையும் பாதிப் பேர் நம்பினார்கள். இதை நம்பமாட்டார்கள். இதில் எருமையும் இல்லை, புறாவும் இல்லை. நீ, நான், ஒரு பென்சில். அவ்வளவுதான்.

நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. முதலில் சேதி சொல்கிறேன், கேள். நம் தொழிற்சாலை நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மகாராஜாவுக்குக் கட்டுவதுபோல அதற்குக் கண்ணாடி அறை கட்டி, ஏசி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தெலுங்கு மரியாதைக்கு எல்லோரும் 'காரு' சேர்த்துக் கூப்பிடும் நம் தலைமை நூலகர் மூர்த்தி காரு இத்தனை வருஷமாக ஒரு மேசை விசிறியின் முன் வெந்துகொண்டிருக்கிறார். அவருக்குக் கிடைக்காத குளிர் அந்தப் பெட்டிக்குக் கிடைத்திருக்கிறது. தினமும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். (கும்பிடுவது நான் சேர்த்தது.) எங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் நீ பொட்டல் என்று கேலி செய்த இடம் முழுக்க இப்போது கடைகள். உன் மகள் ஷீலா பி.காம். முடித்துவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீலா வீட்டுக்கு வந்தாள். உன் ஓராண்டு நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்கிறார்களாம். அதில் போடும் தமிழைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"மாமா, எனக்குப் பேச வரும், படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. நான் இங்கிலீஷ்ல சொன்னேன், சர்ச்ல ஒரு ஆன்ட்டி தமிழ்ல எழுதிக் குடுத்தாங்க. மிஸ்டேக் இருந்தாப் பாருங்க."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. உன் படத்துக்கு விட்டிருந்த கட்டத்தின் கீழே இப்படி இருந்தது: 'மனிதரோடு அதிகம் பழகாமல், புத்தகங்களோடு ஒதுங்கி வாழ்ந்த எங்கள் அன்புத் தாய்.'

"இதை யாரும்மா சொன்னது?" என்றேன்.

"எதை?"

"ஒதுங்கி வாழ்ந்தான்னு."

"மம்மியேதான் மாமா. எப்பவும் சொல்வாங்களே. ஆபீஸ்ல டெஸ்ட் வெச்சாங்களாம், நாப்பது கொஸ்டினாம். சயின்டிஃபிக்கா அப்படித்தான் வந்துச்சாம்."

நான் தண்ணீர் குடித்தேன். பேச்சை மாற்றுவதற்காக, ஆஸ்பத்திரி இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்டேன். உனக்குத் தெரியாதே, செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணை மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். இவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

"இன்னும் பத்து நாள்ல, புதன்கிழமை. நான் போகல மாமா."

"ஏம்மா?"

"நக்கோ மாமா, வேண்டாம். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்களோட பேசணும். அழுதுட்டு வருவாங்க, கத்திட்டு வருவாங்க. நான் மம்மி டைப். நம்மளால ஆகாது."

ஸ்டெல்லா, என் வாய் அடைத்துப்போனது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரி, பேச்சுச் சத்தம் கேட்கவில்லையே என்று பயந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இனிமேல் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரியும். மலர் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் நூலகத்தின் வாசலை மிதித்ததே இல்லை. அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

நம் நூலகத்தின் வாசலுக்கு நேராக இருந்தது புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டர். அதில் நீ. உன் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த செகந்திராபாத் தமிழர் என்பதால், தெலுங்கும் உருதும் தமிழும் இங்கிலீஷும் உன் வாயில் ஒரே தட்டில் வைத்த நாலு பலகாரம் மாதிரி இருக்கும். தொழிற்சாலையின் அத்தனை ஜனமும் அந்தக் கவுன்ட்டருக்குத்தான் வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சார்மினாரை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். (கேட் வரைக்கும்கூட இல்லை. வாசல் வரை நிஜம்.)

நான் எங்கே? பின்பக்கம், பைண்டு செய்த பழைய பத்திரிகைகளுக்கு நடுவில். நாள் முழுக்க என் பேச்சைக் கேட்க அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. அதுவும் ஒருநாள் தாங்கமுடியாமல் வாலை அறுத்துப் போட்டுவிட்டு வேறு டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. எப்போதாவது நீ லீவு போட்டால் கவுன்ட்டர் எனக்கு. ஒருமுறை வெல்டிங் புத்தகம் கேட்டு வந்தவரிடம் முக்கால் மணி நேரம் பேசி, வெள்ளரிச் சாகுபடி புத்தகத்தோடு அனுப்பிவைத்தேன். அவர் வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கே போய்விட்டதாகக் கேள்வி.

நீ அப்படி இல்லை. ஒருவர் வந்து கேட்டதும் எழுந்து ஓடமாட்டாய். கார்டுகளை நேராக அடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

"எம்மா, கேட்டதை எடுத்துக் குடுக்காம அங்க என்னத்த அடுக்கிக்கிட்டு இருக்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொதல்ல கேக்கறது கூச்சத்துல கேக்கறதுண்ணே. கொஞ்ச நேரம் விட்டா ரெண்டாவதா ஒண்ணு கேப்பாங்க. அதுதான் அவங்களுக்கு வேணும்."

யாதகிரியை வைத்துத்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன். மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். கையில் எண்ணெய்க் கறை, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவார். தினமும் தெலுங்குப் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்பார். பேப்பர் அவர் கண்ணெதிரிலேயே கிடக்கும். நீ ஒன்றும் சொல்லாமல் கார்டு அடுக்குவாய். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சூப்பர்வைசர் பரீட்சை எழுத வேண்டும், மெஷின் வரைபடம் படிக்கத் தெரியவில்லை, ஏதாவது புத்தகம் உண்டா என்று கேட்டார். நீ இரண்டு புத்தகம் எடுத்துவந்தாய். இன்ஜினியர்கள் படிக்கும் தடிமனான புத்தகம் மேலே, படம் போட்ட எளிய புத்தகம் கீழே. பார்க்கிறவர்களுக்குத் தடிப் புத்தகம்தான் தெரியும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

இதையெல்லாம் எந்தக் காலேஜில் படித்தாய்? கேட்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மே மாதம்தான் ஒரு பேராசிரியர் வந்தார். நூலகர்கள் மக்களோடு எப்படிப் பழகவேண்டும் என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அக்கினி வெயிலில் கோட்டும் டையும் போட்டிருந்தார். அந்த டையின் நீளத்தை விரித்தால் உப்பலிலிருந்து குகட்பள்ளிக்குப் பந்தல் போடலாம். புன்னகை செய்யவேண்டும், வாசகர் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும் என்றார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். நீ வகுப்பில் இல்லை. கவுன்ட்டரைப் பூட்டக்கூடாது என்று மூர்த்தி காரு சொல்லிவிட்டதால், பேராசிரியர் சொன்னதையெல்லாம் நீ வெளியே செய்துகொண்டிருந்தாய்.

மனிதர்கள் நாலே வகை என்றார் அவர். ஏ என்றால் கட்டளையிடுபவர், பி என்றால் கலகலப்பானவர், சி என்றால் கவனமானவர், டி என்றால் ஒதுங்குபவர். ஆண்டவன் ஆதாமிலிருந்து ஆரம்பித்து இத்தனை காலம் கஷ்டப்பட்டுச் செய்ததை இவர் நாலு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். யார் எந்த டப்பா என்று பார்க்க நாற்பது கேள்வி கொண்ட படிவம் கொடுத்தார். மாலைக்குள் எல்லோரும் நிரப்பித் தரவேண்டும்.

சாப்பாட்டு நேரம். உன் படிவத்தை எடுத்துக்கொண்டு நான்தான் வந்தேன்.

"அண்ணே, கூட்டத்தைப் பாருங்க, பேனா எடுக்க முடியல. நீங்க படிங்க, நான் சொல்றேன், நீங்களே டிக் போட்டுடுங்க" என்றாய்.

கையில் பென்சிலோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மொதக் கேள்வி. முன்பின் தெரியாதவரைக் கண்டால் பேச விருப்பமா, ஒதுங்க விருப்பமா?"

"இருங்கண்ணே."

யாதகிரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ அதைப் புரட்டினாய். "ரெண்டாம் பாடம் கஷ்டமா இருந்துச்சா?" என்று தெலுங்கில் கேட்டாய்.

"எப்படிம்மா தெரியும்?"

"அதுவரைக்கும் விரல் கறை இருக்கு. அதுக்கப்புறம் பக்கம் சுத்தமா இருக்கே." அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நீ வேறு ஒரு பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி, "மொதல்ல இந்தப் படத்தை மட்டும் பாருங்க, நாளைக்கு வாங்க" என்று கொடுத்தனுப்பினாய். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னண்ணே கேட்டீங்க?"

"பேசவா, ஒதுங்கவா?"

"சில நாளு ஒதுங்கினா நல்லாருக்கும்னு தோணும். ஆனா வந்து நின்னுட்டாங்கன்னா விட முடியுமா? பேசறதுன்னு போடுங்க."

ஒதுங்குவது என்பதில் டிக் போட்டேன்.

"கூட்டத்தில் இருக்கும்போது உற்சாகமா, சோர்வா?"

"ஹவ், ஆமாண்ணே, சாயங்காலம் பஸ்ல சோர்வாத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானே? உற்சாகம்னே போடுங்கண்ணே."

சோர்வு.

"பிறர் தம் கஷ்டத்தைச் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

"கேப்பேன். பதில் சொல்ல வராது. ஆனா முழுசாக் கேப்பேன்."

தவிர்ப்பேன்.

இப்படி நாற்பது. விளையாட்டுத்தான். நாளைக்குப் பேராசிரியர், 'இந்த அம்மா இருக்கவேண்டிய இடம் நூலகம் அல்ல, இமயமலைக் குகை' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து உண்மையைப் போட்டு உடைப்பேன். சிரிப்புச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கும். மூர்த்தி காரு மிக்சரும் டீயும் வாங்கிவரச் சொல்வார். இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேராசிரியர் முடிவை வாசித்தார். நான் பி. சுத்தமான, கலப்படமில்லாத பி. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு உன் பெயரை வாசித்து, டி என்றார்.

"ஸ்டெல்லாம்மாவா?" என்று மூர்த்தி காரு நிமிர்ந்தார்.

"வெளியே தெரியாது. படிவம் சொல்லிவிடும்" என்றார் பேராசிரியர். இப்படிப்பட்டவரைக் கவுன்ட்டரில் வைப்பது வாசகர்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் வதை என்றார். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் சாய்ந்து நின்று நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த இடத்தில் நான் எழுந்திருக்கவேண்டும். என் கால்களை யாரோ சிமென்ட் போட்டுப் பூசிவிட்டதாக எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. நீ பின்கட்டில் பழைய அறிக்கைகளை அடுக்கிவைத்திருந்த ரிப்போர்ட் அறைக்கு, நான் கவுன்ட்டருக்கு. அன்று மாலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் வந்தாய். நீ சண்டை போட வந்திருந்தால், ஸ்டெல்லா, நான் அன்றைக்கே கக்கியிருப்பேன்.

"அண்ணே, நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டாய்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"ஒண்ணு ரெண்டு இடத்துல சோர்வா இருக்கும், ஒதுங்கலாம்னு தோணும்னு சொன்னேன்ல. அதை வெச்சுக் கண்டுபிடிச்சிருப்பாங்களோ?"

"அது சயின்ஸும்மா," என்றேன் நான். "நமக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியாது."

"அப்ப இத்தனை வருஷமா, பாவம், எல்லாரும் என்கிட்ட வந்து கஷ்டப்பட்டிருப்பாங்க போல" என்றாய்.

பஸ் வந்துவிட்டது. நீ முன்னால் ஏறிக்கொண்டாய். நான் பின்னால் ஏறி, பொய்ச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, பக்கத்திலிருந்தவருக்கு ஏதோ கதை சொன்னேன்.

அதற்கப்புறம் நான் பார்த்ததை யாரிடம் சொல்வது? முதலில் நீ வாய் திறக்கும்போதெல்லாம் "எனக்குப் பேச வராது, இருந்தாலும்" என்று ஆரம்பித்தாய். பிறகு அந்த 'இருந்தாலும்' போயிற்று. கிறிஸ்துமஸுக்கு மேசை மேசையாகக் கேக் கொடுத்தவள், டப்பாவை மூர்த்தி காரு மேசையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாய். நான் போட்ட டிக்குகளில் ஒவ்வொன்றாக நீ குடிபுகுந்துகொண்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கவுன்ட்டரில் என் ஆட்சி எப்படி இருந்தது என்று கேட்கிறாயா? வந்தவர்கள், "அம்மா எங்கே?" என்றார்கள். "அவங்களுக்கு ஆளுங்கன்னாலே ஆகாது. தானே கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். வாசல்வரை நின்ற வரிசை மேசைவரை வந்தது. பிறகு அதுவும் இல்லை. யாதகிரி வந்து பேப்பர் கேட்டார். எனக்குத்தான் இரண்டாவது கேள்விக்குக் காத்திருக்கத் தெரியாதே. சுற்றிலும் நாலு இன்ஜினியர்கள் நின்றிருந்தார்கள். "என்ன யாதகிரி, சூப்பர்வைசராகி எங்களுக்கெல்லாம் மெமோ குடுக்கப் போறீரா?" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு யாதகிரி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலை நரைத்துவிட்டது. சூப்பர்வைசர் ஆகிவிட்டார், உனக்குத் தெரியும். மண் போட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசிய உருதுவைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

"ரிப்போர்ட் ரூமுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் இருக்குல்ல சார், அங்க போய் நிப்பேன். அம்மா புத்தகம் குடுப்பாங்க. பென்சிலால கோடு போட்டுச் சொல்லிக் குடுப்பாங்க. ரெண்டு வருஷம் அந்த ஜன்னல்லதான் படிச்சேன். ஆனா போகும்போதெல்லாம், 'தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஆளுங்களோட பேசத் தெரியாது'ன்னு மன்னிப்புக் கேப்பாங்க. என்கிட்ட அவங்க மாதிரிப் பேசினவங்க இந்த ஃபேக்டரியிலேயே கிடையாது. பின்னே கைக்கு சார்? கைக்கு அப்படிச் சொன்னாங்க?"

கைக்கு, ஏன் என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார், ஸ்டெல்லா. ஊரிலேயே பதில் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்கிறார். நான் என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை, ஷீலா வந்துபோன மறுநாள், துணிந்து மூர்த்தி காருவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது டிக்கையும் நான்தான் மாற்றிப் போட்டேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசை குலுங்கச் சிரித்தார்.

"நாயகம் காரு! மீவன்னீ கதலே!" என்றார். உம்முடையது எல்லாமே கதைதான் என்கிறார். "இந்த வருஷ மலருக்கு இதுவா? எருமையே நல்லா இருந்துச்சு. இது கொஞ்சம் சோகமா இருக்கு, முடிவை மாத்துங்க."

சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தார். கதவைத் திறந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "நாயகம் காரு புதுசா ஒண்ணு விட்டிருக்கார், கேளுங்க" என்றார். புறாவையும் எருமையையும் முழுங்கிய ஊர், என் குற்றத்தை மட்டும் துப்பிவிட்டது. இது நானே கட்டிய வீடு. குறை சொல்ல யாரும் இல்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கப் போகும்போது இன்னொன்று தெரிகிறது. ஷீலாவுக்குத் தமிழ் படிக்க வராது. இந்த மலர் அவள் வீட்டு மேசையில் வருஷக்கணக்காகக் கிடந்தாலும் அவளுக்கு இது ஒரு காகிதம்தான். அப்படியானால் நான் இதை யாருக்கு எழுதுகிறேன்? ஒளிந்துகொள்ள எவ்வளவு நல்ல இடமாகப் பார்த்திருக்கிறேன், பார்த்தாயா?

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன். கையை உயர்த்தவில்லை, கண்ணாடியைக் கழற்றவில்லை, சும்மா உட்கார்ந்துதான் சொல்கிறேன். இதை மலருக்குக் கொடுக்குமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்துக்குப் போய், ஷீலாவை எதிரில் உட்காரவைத்து, இதை வரி வரியாக வாசித்துக் காட்டுவேன். எருமையை விட்டுவிடுவேன். டையை விட்டுவிடுவேன். அவள் சிரித்தால் நிறுத்திவிட்டு மறுபடி அந்த வரியிலிருந்து வாசிப்பேன். என் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். யாதகிரியையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த ஜன்னலில் நீ அவரிடம் எப்படிப் பேசினாய் என்று அவர் சொல்லட்டும். ஏன் என்று அவர் கேட்டதற்கும் அங்கேயே அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். அட்டையில் இருந்த வரியை அடித்துவிட்டேன். அங்கே என்ன போடுவது என்று அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன்.

அதற்கப்புறம் ஷீலா என்னை மாமா என்று கூப்பிடாமல் போகலாம். புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போவாளா, மாட்டாளா? தெரியாது. அவள் போகாவிட்டால், அது அவள் முடிவாக இருக்கட்டும். நான் போட்ட டிக்காக இருக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தில் வரிசையின் நீளத்தையும் பல்லியின் வாலையும் மக்கள் விருப்பம்போல் குறைத்துக்கொள்ளட்டும். விளையாட்டுக்குச் செய்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடியோடு தள்ளிவிடட்டும். ஒரே ஒரு சிறிய இடம் மட்டும் கூட்டாமல் குறைக்காமல் நடந்தது. அதை ஷீலாவிடமும் சொல்லத்தான் போகிறேன். நாற்பதாவது கேள்வி முடிந்ததும் நீ, "அண்ணே, அவசரத்துல சொன்னேன், சரியாப் போட்டீங்களான்னு ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க" என்றாய். நான் நிதானமாக, ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி படித்தேன். நான் போட்டபடி அல்ல. படிக்கும்போது நான் சிரிக்கவில்லை. படித்துக்கொண்டே, உன் நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மகள் இன்னும் மாமா என்று கூப்பிடுகிற,
உனக்கு அண்ணனாக நடந்துகொள்ளாத,
கோமதிநாயகம்